யேசுதாஸ் மாமாவின் எவர்சில்வர் நட்சத்திரம்

என் அக்கா சாராளின் கணவர் யேசுதாஸ், கையில் கிடைத்த எதையும் ஒரு கோட் வார்னிஷ் அடிக்காமல் விட்டதில்லை. டிரான்சிஸ்டர் பெட்டி, வேதாகமத்தின் அட்டை, அக்காவின் அரிவாள்மனைக் கட்டை எல்லாம் பளபளக்கும். கடைசியில் என் பி.எஸ்ஸி. சான்றிதழும் தப்பவில்லை. எங்கள் காலனிக்கு வந்த முதல் பட்டம் மழையில் நைந்துவிடக் கூடாதாம். அது இப்போது சுட்ட அப்பளம்போலப் பழுப்பேறி மொறமொறவென்று இருக்கிறது. நேர்முகத் தேர்வுகளில் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார்கள். பிறகு என்னையும் அப்படியே பார்க்கிறார்கள்.

மாமாவைக் குறை சொல்வதற்கில்லை. கவரைப்பேட்டைப் பக்கம் வயல்கூலிக் குடும்பத்தில், ஒழுகும் கூரையின் கீழ் வளர்ந்தவர். ஐப்பசி கார்த்திகையில் பாய், துணி, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். புத்தகத்தோடு படிப்பும் போனது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் பால் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்று வந்தபோது எடுபிடியாகச் சேர்ந்து வெல்டர் ஆனார். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு அவர் முதலில் வாங்கிவந்தது வார்னிஷ் டப்பா என்று அக்கா சொல்வாள். பூ இல்லை.

எங்கள் சர்ச்சில் டிசம்பர் முதல் ஞாயிறு காலை கம்பத்தில் நட்சத்திரம் ஏறும். மூங்கிலும் கலர்க் காகிதமும் வைத்து சாலமோன் அண்ணன் செய்வார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் மழை அதைக் கஞ்சியாக்கிவிடும். 1977இல் நவம்பர் கடைசி ஞாயிறு, மாமா ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, "இந்த வருசம் ஸ்டாரு நான் செய்றேன். எவர்சில்வர்ல. மழைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். சபையில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எவர்சில்வர்ல சோறு துன்னலாம் யேசுதாசு. ஸ்டாரு கட்டுவாங்களா?" என்றார் சாலமோன்.

மாமா கம்பெனியில் கேட்டு வாங்கிய கழிவுத் தகட்டை ஐந்து முனையாக வெட்டினார். கேஸ் சுடரை மெல்ல நகர்த்த நகர்த்த, தகட்டில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு செம்பு, ஊதா, கடைசியில் மயில் கழுத்து நீலம் படர்ந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆசையாகத் தொட்டேன். விரல் பட்ட இடம் மங்கி வேறு நிறமானது.

"கைய வெச்சுக்கினு சும்மா இரேன்டா, பி.எஸ்ஸி.!" என்று அக்கா முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். நீலம் திரும்பி வந்தது. இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. என் படிப்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நின்றுவிடும்.

சனிக்கிழமை வேலை தேடி மீஞ்சூர் போய், வேலை இல்லாமல் மாலை திரும்பினேன். மாமா வாசலில் குந்தியிருந்தார். பக்கத்தில் வார்னிஷ் டப்பா. நட்சத்திரம் பழைய வாளி நிறத்தில் கிடந்தது.

"கலரு செத்துப்போச்சு மச்சான்," என்றார். "நாளிக்கு இன்னான்னு சொல்லி ஏத்துவேன்? சாலமோன் காகித ஸ்டாரு ஒண்ணு ரெடி பண்ணி வெச்சிருக்கானாம். சபை முன்னாடி வாயத் தொறந்ததே தப்பாப் போச்சு."

அப்போதுதான் விரல் ரேகையும், சோப்புக் குமிழி பற்றிப் பரீட்சையில் நான் எழுதிய பதிலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. குமிழி என்று கேட்டால் குமிழி என்று எழுதியவன் நான். அதே கணக்கு தகட்டின் மேல் உட்கார்ந்திருந்ததை நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

"மாமா, அது சாயம் இல்ல. சூட்டுல தகட்டுமேல கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் வருது. தோலுக்கு மேல பட்டுத் திரும்புற வெளிச்சமும், அடியில பட்டுத் திரும்புற வெளிச்சமும் சேர்றப்ப சில கலரு கூடும், சிலது அழிஞ்சிடும். அதான் நீலம். மேல காத்து இருந்தாதான் அந்தத் தோலு வெளிச்சத்த நல்லா திருப்பும். வார்னிஷ் ஒட்டிக்கினதும் திருப்புறது கொறஞ்சிடுச்சு."

"தோலு போயிடுச்சா, இருக்குதா? அத்தச் சொல்லு."

"இருக்கணும்."

"இருக்கணுமாம்!" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "மூணு வருசம் படிச்சுட்டு இருக்கணும்ன்றான்."

வார்னிஷைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து ஒரு முனையைத் துடைத்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டேன். "வந்துடுச்சுடா!" என்று மாமா கத்திய பிறகுதான் திறந்தேன். இருட்டுவதற்குள் நட்சத்திரம் முழுக்க மயிலாகிவிட்டது. உடனே மாமா தூரிகையை எடுத்தார்.

"இப்ப மெல்லிசா ஒரு கோட்டு?"

"மெல்லிசா அடிச்சாலும் மாறும் மாமா. ஒண்ணும் பூசாமதான் ஏத்தணும்."

"மழைல? வெறுமனே?" பெற்ற பிள்ளையைத் தெருவில் விடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். தூரிகையைக் கீழே வைக்க அவருக்கு வெகுநேரமானது.

ஞாயிறு காலை நட்சத்திரம் கம்பத்தில் ஏறியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிரசங்கம் பாதியில் மழை பிடித்தது. கதவோரம் இருந்தவர்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். நீலம் மங்கிக் கருத்திருந்தது.

"மயிலு குளிச்சுட்டு கோழியாயிடுச்சே, யேசுதாசு" என்று சாலமோன் காதோரம் சொன்னார். மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தண்ணியும் ஒரு கோட்டுதான். காஞ்சா வந்துடும்" என்று முணுமுணுத்தேன். பரீட்சையில் மழை பற்றிக் கேள்வி வந்ததில்லை. அன்று நான் செய்த ஜெபத்துக்கும் பிரசங்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. வெயில் இல்லை, காற்று மட்டும். மாமா கம்பத்தடியில் போய் நின்றார். மற்றவர்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். மேல்முனை முதலில் காய்ந்தது. அங்கே நீலம் எட்டிப் பார்த்து, மெல்லக் கீழே இறங்கியது. சாலமோன் அண்ணாந்து பார்த்தபடியே, "அந்தத் தகடு எனக்கும் ஒண்ணு கெடைக்குமா?" என்றார்.

"குட்க்கலாம். ஆனா வார்னிஷ் அடிக்கக் கூடாது" என்றார் மாமா, என்னவோ பிறந்ததிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்போல.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி தூறியது. மாமா குடையை விரிக்கக்கூட இல்லை. ஏதோ யோசித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்று, "மச்சான், உன் சர்ட்டிபிகேட்டையும் தின்னர் போட்டுத் தொடச்சிட்டா இன்னா?" என்றார்.

அன்று முதல் அதைத் தலையணை உறைக்குள் வைத்துத்தான் தூங்குகிறேன்.