ஆயுத பூஜையன்று அடித்த ஆயில் நாற்றம்

எரிந்த ஆயில், ஊதுபத்தி, நசுங்கிய எலுமிச்சம்பழம்... கல்யாணமாகி வந்த வருஷத்து ஆயுத பூஜை என்றால் இந்த மூன்றும்தான் இன்றைக்கும் என் மூக்கில் ஏறும்.

அப்போது எங்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. வீட்டுக்காரர் அதைத்தான் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வேங்கிக்காலில் ஓர் ஆபீஸுக்கு மாத வாடகைக்கு வண்டி கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அது அமைந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டில் சவாரிக்காகக் காய வேண்டாம். வீடே அதை நம்பித்தான் இருந்தது.

என் மாமியார் பூஜையில் எதையும் விடமாட்டார். மிக்சி, அரிவாள்மனை, தையல் மெஷின், கதவுப் பூட்டு... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு பூ. காருக்கு முன்னால் மாலை போட்டதோடு நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து உள்ளேயும் பூஜை!

"ஓடறது உள்ள இருக்கறதுதானே... அதுக்கு வெக்காம வெளிய மட்டும் வெச்சா எப்படி?"

நியாயம்தானே!

எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு, குடும்பத்தோடு கிரிவலப் பாதையில் ஒரு சுற்று கிளம்பினோம். பாதி வழியில் அந்த நாற்றம். பானெட் இடுக்கில் லேசாகப் புகை. அப்படியே ஓரங்கட்டினார்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "சிலிண்டர் போர் தேஞ்சு போயிருக்கும்ணா. இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும். டூல்ஸெல்லாம் பூஜையில இருக்கு, இன்னிக்குக் கை வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். இன்ஜினை இறக்கினால் திங்கட்கிழமை கோவிந்தா!

பின் சீட்டில் பெரியத்தை. என் மாமனாரின் அக்கா.

"இத்தினி வருஷமா ஓடற வண்டிடா. ஒருநாள் மக்கர் பண்ணியிருக்குதா? வூட்டுக்குப் புதுசா யாரு வந்தாங்கன்னு யோசிச்சிப் பாரு..."

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன! எனக்கு அழுகை வரவில்லை, சுர்ரென்று கோபம்தான் வந்தது. இந்த வண்டி இன்றைக்குப் படுத்தால் ஆயுசுக்கும் நான்தான் ராசியில்லாத மருமகள்.

ஆனால் எனக்கு மூக்கு ஜாஸ்தி. அந்த ஆயில் நாற்றத்துக்குள் இன்னொரு வாசனை இருந்தது. கருகிய வாழைநார். கீழ்பென்னாத்தூரில் எங்கள் அம்மா வீட்டில் பூ கட்டி விற்பதுதான் தொழில். மீந்த நாரெல்லாம் வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். எனக்கு அந்த வாசனை அத்துப்படி. இன்ஜினில் வாழைநாருக்கு என்ன வேலை?

"ஏங்க, பானெட்டைத் தொறங்க."

"பூஜையில வெச்ச ஸ்பானரை இன்னிக்கு எடுக்கக் கூடாதுடி."

"ஸ்பானர் யார் கேட்டா? தொறங்கன்னா தொறங்க!"

சூடு ஆறட்டும் என்று காத்திருந்து எட்டிப் பார்த்தேன். ஆயில் அளவு பார்க்கும் குச்சி இருக்கிறதே, தலையில் மஞ்சள் வளையம் போட்டது... அது முழுசாக இறங்காமல் துருத்திக்கொண்டு நின்றது. அதன் கழுத்தில் ஒரு துண்டு கனகாம்பரம். பூ தடுத்ததால் குச்சி உட்காரவில்லை. வண்டி ஓட ஓட அந்த இடைவெளியில் ஆயில் தெறித்து, கொதிக்கிற புகைக்குழாயில் விழுந்திருக்கிறது. சரத்தின் நுனியும் அதே குழாயில் பட்டுக் கருகியிருந்தது. இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை!

பூவை உருவி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினேன்.

"வந்தவளால இல்லீங்க, இந்தப் பூவால."

பெரியத்தை விடுவாரா? "பூ கட்டற வூட்டுப் பொண்ணுதானே... இவளேதான் கட்டியிருப்பா" என்று மறுபடியும் என் பக்கமே திரும்பினார்.

"கட்டனது நான் அண்ணி" என்றார் மாமியார். "கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க. அவ மேல போடாதீங்க."

நாத்தனாரை எதிர்த்து மாமியார் ஒரு வார்த்தை பேசி அதுவரை யாருமே கேட்டதில்லையாம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்காரர் தெறித்ததையெல்லாம் துணியால் துடைத்தார். குச்சியைத் துடைத்து அளவு பார்த்தார், கொஞ்சம்தான் கம்மி. அழுத்தி உட்கார வைத்துக் கிளப்பினார். ஒட்டியிருந்த மிச்சம் எரிந்து தீரும் வரை லேசாக நாறியது. வீடு வந்து சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது. திங்கட்கிழமை வேங்கிக்காலில் வண்டி பிடித்துப்போனது.

அடுத்த வருஷம் மாமியார் பூச்சரத்தை என் கையில் கொடுத்தார்.

"இந்தா, நீயே கட்டு. எங்க கட்டக் கூடாதுன்னு உனக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து கார் பூஜை என் இலாகா.

இந்த வருஷம் வீட்டுக்கு எலக்ட்ரிக் கார் வந்திருக்கிறது. ஆயில் இல்லை, புகை இல்லை. ஏதாவது கோளாறு என்றால் ஸ்கிரீனே சொல்லிவிடுமாம், என் மூக்குக்கு வேலை போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் ஒரே பிளாஸ்டிக் மூடி. கனகாம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

மாமியாருக்கு இப்போது முட்டிவலி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"குச்சி எங்கடி?"

"இந்த வண்டிக்குக் குச்சியே கிடையாது அத்தை."

நம்பாமல் என்னைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"அப்போ பூவைக் குடு. இப்படித் திரும்பு..."

என் தலையில் வைத்துவிட்டார்.