வலி குறையாத மத்தியானம்

போர்க்காலத்தில் மூதூரில் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து என் இடுப்பெலும்பு உடைந்தது. லோஞ்சுப் படகில் ஏற்றிக் கடலைக் கடந்து திருகோணமலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வார்டு முழுக்கக் காயக்காரர். வலி ஊசிக்குத் தட்டுப்பாடு. பக்கத்துக் கட்டிலில், தொடையில் காயப்பட்டுக் கிடந்த பரீதாவுக்குப் போட்டார்கள். என்னிடம் தாதி, "அம்மா, உங்களுக்குப் பின்னேரம்தான் தர ஏலும்" என்றார்.

"இயேசுவே, இந்த நோவை எடுத்துவிடும்" என்று மன்றாடினேன். நோ குறையவில்லை. அவரும் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று அழுதேன்.

மத்தியானம் எல்லோரும் அயர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் கண்மூட ஏலாமல் கிடந்தேன். அப்போது ஏதோ சொட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பரீதாவின் கட்டிலுக்குக் கீழே ரத்தம்! கூப்பிட்டேன், அவள் அசையவில்லை. என்னால் எழும்பவும் ஏலாது.

"மிஸ், ஓடி வாங்கோ! இந்தப் பிள்ளை சாகப்போகுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தாதி ஓடிவந்து தொடையை இறுக்கி அமத்தினார். உடனே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். செபமாலையைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

பின்னேரம் டொக்டர் வந்தார். "அவ தப்பிவிட்டா. நீங்கள் நித்திரை கொண்டிருந்தால் முடிஞ்சிருக்கும்."

எனக்கு ஏன் அந்த நோ வந்தது என்று இன்றும் தெரியாது. ஆனால் ஆண்டவர் அதை வீணாக விடவில்லை. மாரி மழைக்காலத்தில் இப்போதும் இடுப்பு நோகும். "எடுத்துவிடும்" என்று கேட்கத்தான் செய்கிறேன். கூடவே, "இப்ப நான் யாரைப் பார்க்க வேணும்?" என்றும் கேட்கிறேன்.