நான் அவிழ்த்த இரண்டு முழ நூல்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். நல்லவாடு கரை. முதலில் கண்ணில் பட்டது ஒரு வலை. படகுக்குள் மடித்துக் கிடக்க வேண்டிய வலை, அலையில் புரண்டுகொண்டிருந்தது. ஆறு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிளை மணலில் சாய்த்தேன். ஓடிப்போய் ஒரு கை கொடுத்தேனா? இல்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பதினெட்டு வருஷப் பத்திரிகைப் பழக்கம் – எங்கே எது நாசமானாலும் முதலில் மணியைக் குறித்துக்கொள்வது.

நான் வந்தது மீனுக்கு. தங்கையின் மாமனார் வீட்டார் அன்று மதியம் பாகூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலையே நல்லவாட்டுக்கு வந்து அஞ்சலையிடம் சொல்லி வைத்திருந்தேன். அஞ்சலைக்குச் சொந்தமாக ஒரு படகு, ஒரு வலை. கணவர் இறந்த பிறகு ஆள் வைத்துக் கடலுக்கு அனுப்புகிறவர். “வெள்ளன வா பேப்பர்காரரே, மொத மீனு உனக்குத்தான்” என்றிருந்தார்.

முதல் மீன் எங்கே? முதல் வலையே தண்ணீரில் கிடந்தது.

விசாரித்து எழுதிக்கொண்டது இது. அஞ்சலையின் படகும், பக்கத்தில் நின்ற ராசுவின் படகும் ஒரே நேரத்தில் அலையில் இறங்கியிருக்கின்றன. ஒன்று வடக்கே திரும்பியது, ஒன்று தெற்கே. இரண்டு படகின் வலைக் கயிறும் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருப்பதை அந்த இருட்டில் யாரும் பார்க்கவில்லை. கயிறு விறைத்தது. ராசுவின் படகு பெரிது. அது இழுத்த இழுப்பில் அஞ்சலையின் வலை தண்ணீரில் விழுந்து, அடியில் எதிலோ மாட்டி, நடுவில் இரண்டு ஆள் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது.

கயிறு சேர்ந்திருந்த இடம்? அது ஒரு நார் கூடப் பிரியாமல் கெட்டியாக இருந்தது. சேர்த்தவர் கோவிந்தன் அல்லவா!

கோவிந்தன் அஞ்சலையின் படகில் போகிறவர். படகு இறங்குவதற்கு முன் கயிறுகளைத் தடவிப் பார்ப்பது அவர் வேலை. அந்த நேரத்தில் கண்ணுக்கு வேலையில்லை, கைதான். நூல் சுற்றித் தார் பூசிய நுனி கையில் பட்டால், அது கயிற்றின் முடிவு... விட்டுவிடலாம். நார் பிரிந்த நுனி கையில் பட்டால், அது அறுந்த கயிறு. பக்கத்திலேயே இன்னொரு பிரிந்த நுனி கிடக்கும். இரண்டையும் பின்னிச் சேர்த்துவிட வேண்டும். யாருடைய கயிறு என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. படகு கிளம்பும்போது அறுந்த கயிறு கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

“இன்னாடா பண்ணி வெச்சிருக்க கோவிந்தா? ரெண்டு படவுக்கும் தாலி கட்டிட்டியா?” என்றார் அஞ்சலை.

கூட்டம் சிரித்தது. அஞ்சலை சிரிக்கவில்லை.

“ரெண்டு நுனியும் பிரிஞ்சி கெடந்திச்சி அண்ணி. அறுந்த கயிறுன்னு நெனச்சேன்.”

“நேத்து நானே தொட்டுப் பாத்தேன்டா. நுனியில நூல் கட்டு இருந்திச்சி. ராசு உன் மச்சான்தான? அவன் மட்டும் நெத்திலிக்குப் போவணும், என் வலை கரையில கெடக்கணும்... அதான?”

ராசு குறுக்கே வந்தார். “என்னை ஏன் இழுக்கற? வா, மேரிக்கே போயி எழுதி வெப்போம்.” மேரி என்றால் கொம்யூன் ஆபீஸ், பிரெஞ்சுக் கொடி இறங்கியும் பெயர் மாறவில்லை.

“எழுதி? பிரெஞ்சில எழுதறதா இங்கிலீசுல எழுதறதான்னு அவங்களுக்கே இன்னும் தீரலபா” என்றார் வலை இழுத்த ஒருவர்.

“மேரியும் வாணாம், ஒண்ணும் வாணாம். கோவிந்தா, நாளையிலேர்ந்து நீ என் படவுல ஏறாத.”

கோவிந்தன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அஞ்சலை இறக்கிவிட்டால் வேறு எந்தப் படகும் அவரை ஏற்றாது. கயிறு தெரியாத ஆளுக்குக் கடலில் என்ன வேலை?

நான் எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு கூடப் போட்டாயிற்று: ‘கவனக்குறைவால் வலை சேதம்’. அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

பிறகு நோட்டைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சைக்கிளை நிமிர்த்தக் குனிந்தேன். கேரியரில் ஒரு தடித்த புத்தகம். அதைச் சுற்றி நூல். தார் பூசிய நூல். ஒரு முழத்தில் ஒன்று, ஒரு முழத்தில் இன்னொன்று – நடுவில் என் கையால் போட்ட முடிச்சு.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

முந்தின நாள் மாலை நடந்தது சின்ன விஷயம். கேரியர் கிளிப் உடைந்திருந்ததால் தவளக்குப்பம் வருவதற்குள் புத்தகம் இரண்டு முறை விழுந்தது. அஞ்சலை வீட்டுக்குள் போயிருந்தார். படகிலிருந்து மணலில் தொங்கிய கயிற்று நுனியில் அழகாக நூல் சுற்றியிருந்தது. சும்மா இருக்கிற நூல்தானே! அவிழ்த்தேன். போதவில்லை. பக்கத்துப் படகின் கயிற்றிலும் ஒன்று இருந்தது...

அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது தெரியுமா? அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

‘எக்ஸ்ரே பட்டால் உடம்புக்குள் என்ன ஆகிறது – ஒரு பக்கம் எழுது’ என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் கொடுத்த புத்தகம் அது. நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் குரோமோசோம் என்று நூல் போலச் சில உண்டு. எக்ஸ்ரே பட்டால் இவை அறுகின்றன. செல் சும்மா இருப்பதில்லை. அறுந்த முனைகளைத் தேடி ஒட்டுகிறது. சேதம் பலமாக இருந்தால், இரண்டாகப் பிரிகிற வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் ரிப்பேர்.

சரி, அறுபடாத குரோமோசோமுக்கும் இரண்டு நுனி உண்டே, அதை ஏன் ஒட்டுவதில்லை? அந்த நுனியில் ஏதோ ஒரு காப்பு இருக்கிறதாம். ‘இது முடிவு, உடைப்பு இல்லை’ என்று செல்லுக்குச் சொல்கிற காப்பு. ஈயிலும் மக்காச்சோளத்திலும் பார்த்திருக்கிறார்கள். அது என்ன பொருள் என்று இன்னும் தெரியாது. ஆனால் காப்பு போய்விட்டால், செல்லுக்கு அதுவும் ஓர் அறுந்த முனைதான். இரண்டு குரோமோசோம்களைச் சேர்த்து ஒட்டிவிடும். அப்புறம் செல் பிரியும்போது ஆளுக்கொரு பக்கம் இழுக்க, எங்கோ ஓரிடத்தில் அறும். அதையும் ஒட்டும். மறுபடி இழுக்கும்...

இந்தப் பக்கத்தை மூன்று முறை படித்திருந்தேன். ஓரத்தில் பென்சிலால் ‘தெளிவில்லை’ என்று எழுதியும் இருந்தேன். எழுதியவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

உண்மையை உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் வாயைத் திறந்தது ஆறு மணி ஐந்துக்கு. நடுவில் பதின்மூன்று நிமிடம். தார் நூல் எந்தக் கடையிலும் கிடைக்கிறதே, இது அதுதான் என்று யாருக்குத் தெரியும்? இப்படியே போய்விட்டால்?... இதெல்லாம் யோசித்தேன். கோவிந்தன் படகிலிருந்த தன் துண்டை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அதற்குமேல் முடியவில்லை.

“அஞ்சலையம்மா... கயிற்று நுனிக் கட்டை அவிழ்த்தது நான்.”

“இன்னா?”

“நேற்று சாயங்காலம். புத்தகம் விழுந்துகொண்டே இருந்தது. நூல் தேவைப்பட்டது.”

அஞ்சலை சைக்கிள் அருகே வந்தார். நூலைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார்.

“ஏன் பேப்பர்காரரே, இந்தப் பொஸ்தகத்துல இன்னாதான் போட்டிருக்கு?”

“நுனியில் இருக்கிற கட்டை அவிழ்க்கக் கூடாது என்று போட்டிருக்கிறது.”

“படிச்சிட்டா அவுத்த?”

“படித்துவிட்டுத்தான்.”

முதலில் சிரித்தவர் கோவிந்தன். பிறகு ராசு. பிறகு கரை முழுதும். அந்தச் சிரிப்பில் அஞ்சலை மட்டும் சேரவில்லை.

“இன்னாடா பல்லைக் காட்டிக்கினு நிக்கற கோவிந்தா? துண்டை உள்ள போட்டுட்டு வந்து வலையைப் புடி” என்றார்.

கோவிந்தன் முதலில் என் புத்தகத்திலிருந்து நூலை அவிழ்த்தார். என் முடிச்சைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கயிறுகளைப் பிரித்து இரண்டு நுனியிலும் நூலைச் சுற்றி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. வலை இழுக்க நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

“அப்பா சாமி, நீ ஒண்ணத்தையும் தொடாத” என்றார் அஞ்சலை.

சேர்த்தவன் கை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அவிழ்த்தவன் கை படுவதில்லை – அவிழ்த்தவனுக்கே கூட. நோட்டில் போட்ட தலைப்பை அடித்துவிட்டேன். ‘தெளிவில்லை’யையும் ரப்பரால் அழித்தேன். பாகூர் போய்ச் சேர்வதற்குள் புத்தகம் மூன்று முறை விழுந்தது. விருந்தாளிகளுக்குப் பருப்புக் குழம்பு.

இன்றோடு ஐந்து நாள். கிழிந்த வலையை இன்னும் பின்னி முடிக்கவில்லை. அஞ்சலையின் படகு இன்னும் கரையில்தான் நிற்கிறது.