தலைக்குட்டி

பாஞ்சாலையின் கை சின்னது. வளையல்காரர் மலையேறி வந்தால் அவளுக்கு மட்டும் சிறுமிகள் போடும் வளையலைத்தான் தேடி எடுப்பார். அந்தக் கைக்காகத்தான் ஊர் அவளைத் தேடியது. மார்கழியில் வெள்ளாடுகள் குட்டி போடத் தொடங்கினால் யார் வீட்டிலாவது ஒரு குட்டி உள்ளே சிக்கிக்கொள்ளும். உடனே பாஞ்சாலைக்கு ஆள் வரும். அவள் முழங்கை வரை விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு, கண்ணை மூடி, எது கால், எது தலை என்று தடவிப் பார்த்து, ஆடு முக்கும்போது கூடவே இழுப்பாள். கூலி ஒரு படி சாமை.

மனுஷிக்குப் பிரசவம் என்றால் அவளைக் கூப்பிட மாட்டார்கள். மூன்று பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் அவள் நின்றால் உள்ளேயிருந்து கதவு மெதுவாகச் சாத்தப்படும். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. கதவு மட்டும் சாத்திக்கொள்ளும். அவளும் அதைப் பார்க்காததுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

புருஷன் சடையன் புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தவன். இடது கால் அதன்பிறகு மடங்கவில்லை. வாய் மட்டும் எல்லாப் பக்கமும் மடங்கும். இருவருக்கும் அரை ஏக்கர் மேட்டு நிலம், அதில் சாமையும் கொள்ளும். அது போக, குட்டியில் பங்கு என்ற பேச்சில் வாரத்துக்கு வாங்கி வளர்க்கும் ஓர் ஆடு. அதன் பெயர் செம்பி.

செம்பி, பாஞ்சாலைக்கு அக்கா முறையான மங்கம்மாளுடைய ஆடு. மங்கம்மாளுக்கு நாற்பது ஆடு. வாரத்துக்கு விட்டால் ஆடு அவளுடையது, மேய்ப்பது பாஞ்சாலை. முதலில் பிறக்கும் குட்டி ஆட்டுக்காரிக்கு, அடுத்தது வளர்க்கிறவளுக்கு, அப்படியே மாறி மாறி. செத்துப் பிறந்தாலும் முறை முறைதான்.

ஆறு வருஷத்தில் செம்பி ஆறு குட்டி போட்டது. பாஞ்சாலையின் பங்கு மூன்று. ஒன்று கிடா, சடையனின் காலுக்காக வேடியப்பனுக்கு நேர்ந்து வெட்டினார்கள், கால் அப்படியேதான் இருந்தது. இன்னொன்று குளிரில் விறைத்துப்போனது. மூன்றாவது பெட்டைக்குட்டி. ஐந்து மாதம் வளர்ந்தபின் அதைச் செந்நாய் கொண்டுபோனது. ஒரே ஒரு பெட்டை தங்கினால் போதும், அதிலிருந்து ஒரு பட்டியே பெருகும் என்று பாஞ்சாலை நினைப்பாள். யாரிடமும் சொல்லமாட்டாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழியில் செம்பியின் வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. முறைப்படி இந்தத் தடவை முதல் குட்டி மங்கம்மாளுக்கு. ஆனால் உள்ளே இரண்டு இருந்தால் ஒன்று பாஞ்சாலைக்கு.

"ரெண்டு கீது. சத்தியமா ரெண்டு கீது," என்றான் சடையன்.

"நீ இன்னா உள்ள போய்ப் பார்த்தியா?"

"ரேஷன் கார்டு தின்ன வயிறுடி அது. அதுவே ஒரு குட்டியா வந்தாலும் வரும்."

செம்பி ரேஷன் கார்டைத் தின்றது உண்மைதான். புதுக் கார்டு கேட்க ஆலங்காயம் போன சடையனிடம், பழையது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "வயித்துல கீதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். போன வருஷம் அவனுடைய ஒரே கம்பளியின் மேல்தான் செம்பி குட்டி போட்டது. இந்த வருஷம் கம்பளியைக் கூரைக் கழியில் மாட்டி வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூறலும் பனியுமாக இருந்த ஒரு காலையில் செம்பிக்கு நோவு கண்டது. விறகு நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. நெருப்பு வாங்கிவரச் சடையன் தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பினான். அவன் காலுக்குப் போய்த் திரும்ப வெகுநேரம் ஆகும்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் முதல் குட்டி வந்தது. ஒரு தொல்லையும் இல்லை. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. பெட்டை. தும்மியது, தலையைத் தூக்கியது. செம்பி அதை நக்கி நக்கிக் காய வைத்தது.

இரண்டாவது வரவில்லை. பாஞ்சாலை கையை உள்ளே விட்டாள். தலை பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. திருப்புவதற்குள் அவளுக்கே வியர்த்துவிட்டது. இழுத்தபோது குட்டி முழுதாக வந்தது. அதுவும் பெட்டைதான். மூக்கில் ஊதினாள், பின்னங்காலைப் பிடித்து ஆட்டினாள். மூச்சு இல்லை.

முதல் குட்டி எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. பாஞ்சாலை அதையே பார்த்தாள். பிறகு ஒரு பிடி வைக்கோலை எடுத்து, செத்த குட்டியைத் துடைத்தாள். முதுகு, வயிறு, காது மடல் என்று ஈரம் போகும் வரை துடைத்து, உயிருள்ளதன் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

சடையன் தணல் சட்டியோடு வந்து நின்றான்.

"எது முன்னாடி?"

"செத்ததுதான் முன்னாடி வந்துச்சு," என்றாள் பாஞ்சாலை.

அவன் இரண்டு குட்டிகளையும் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "அப்ப இது நம்மளுது!" என்று தடியை மேலே தூக்கி, நிலைதடுமாறி, பந்தக்காலைப் பிடித்துக்கொண்டான். "ஏய் செம்பி, ஆறு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான்டி உனக்குக் கண்ணு தொறந்துச்சு!"

குட்டி செத்தால் ஆட்டுக்காரியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இல்லையென்றால் அறுத்துத் தின்றுவிட்டதாகப் பேச்சு வரும். மதியம் சாக்கில் சுற்றிக்கொண்டு போனாள். மங்கம்மாள் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் சாந்தம்மாள், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள், நிறைமாத வயிற்றோடு கால் நீட்டி உட்கார்ந்து, அவளும் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி பாஞ்சாலை. இன்னா, செம்பி போட்டுடுச்சா? இந்த வாட்டி எதத் தின்னுச்சு, உன் புருஷன் கோமணத்தையா?"

"ரெண்டு போட்டுச்சுக்கா. ஒண்ணு தங்கல."

"எது தங்கல?"

"தலைக்குட்டி."

சொல்லி முடித்த பிறகுதான் பாஞ்சாலை சாந்தம்மாளின் கையைப் பார்த்தாள். மொச்சையை விட்டுவிட்டு அந்தக் கை வயிற்றுக்குப் போயிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டின் பங்குக் குட்டி செத்துப் பிறந்தால் ஆகாது என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். பாஞ்சாலைக்கும் தெரியும். காலையில் அவளுக்கு வெள்ளைக் காது மட்டும்தான் தெரிந்தது.

மங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "நம்மளுதா?" என்றாள். "அவ பாக்காதபடி எடுத்துக்கினு போ. போ பாஞ்சாலை."

மறுநாள் மங்கம்மாள் வேடியப்பனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். மகளை வாசல் தாண்ட விடவில்லை. ஓடையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: சாந்தா களியைத் தொடவில்லையாம், குழந்தை முன்போல அசையவில்லை என்கிறாளாம்.

இங்கே சடையன் காது வெட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ஆடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் காதில் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. மங்கம்மாள் வீட்டுக்கு வலது காது நுனி. இவர்களுக்கு ஒன்றும் இல்லை, இதுவரை வேண்டியிருக்கவில்லை.

"எடது காதுல மூணு வெட்டு வெச்சிடலாம்."

"காதே மிச்சம் இருக்காதே மாமா."

"சரி, ரெண்டு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

குட்டி அவன் துண்டின் முனையைச் சப்பிக்கொண்டிருந்தது. பாஞ்சாலை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

ஐந்தாம் நாள் தழை ஒடித்துக்கொண்டு மங்கம்மாள் வீட்டுப் பின்பக்கமாக வந்தாள். வேலிக்கு உள்ளே சாந்தம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையையும் வயிற்றின்மேல் அகல விரித்து, தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு அசைவுக்கு. அந்த இருப்பு பாஞ்சாலைக்குத் தெரியும். மூன்று தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறாள். அந்த வயதில்தான், அதே மாதிரி கையை விரித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து தழையைப் போட்டாள். "மாமா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

சடையன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"செத்த குட்டிய எவ தொடைப்பா?"

பாஞ்சாலை அப்படியே உட்கார்ந்தாள். அன்றைக்கு ஏன் துடைத்தோம் என்று அவளுக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஈரம் காய்ந்திருந்தால் முன்னால் வந்ததாகத் தெரியுமென்று, இவனை ஏமாற்றத்தான் துடைத்தாள். ஆனால் காது மடலைத் துடைத்தபோது ஏமாற்ற வேண்டுமென்ற நினைப்பே இல்லை.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

"இருக்கட்டுமேன்னு பார்த்தேன்," என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். முனை கிழிந்திருந்தது. "இட்டுக்கினு போ. என் துண்டாச்சும் மிஞ்சும்."

மங்கம்மாள் முதலில் நம்பவில்லை.

"என் பொண்ணு மனசு ஆறட்டும்னு சொல்றியாடி?"

பாஞ்சாலை முந்தானைக்குள் இருந்த குட்டியை எடுத்து மங்கம்மாளின் மடியில் வைத்தாள். "இதுதான்கா முன்னாடி வந்துச்சு. உன்னுது. காது வெட்டிக்கோ."

பொய்க்காக யாரும் ஒரு பெட்டைக்குட்டியைக் கொடுக்கமாட்டார்கள். மங்கம்மாளுக்கு அது புரிந்த நொடியில் முகம் மலர்ந்தது. வீட்டைப் பார்த்துத் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள்.

"அடியே சாந்தா! செத்தது நம்மளுது இல்லடி! இவளுதுதான்டி செத்துச்சு! இவளுதுதான்!"

சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். உள்ளே சாந்தம்மாள் ஓவென்று அழும் சத்தம் கேட்டது. பாஞ்சாலை கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அதன்பிறகுதான் மங்கம்மாளுக்குக் கோபம் வந்தது. "அஞ்சு நாளா என் பொண்ணு சோறு தின்னலடி. வேற எவளாவது இருந்தா பஞ்சாயத்துல நிக்க வெச்சிருப்பேன்," என்றாள். சொல்லிக்கொண்டே கத்தியைக் கொண்டுவந்தாள்.

"பிடி."

பாஞ்சாலைதான் பிடித்துக்கொண்டாள். வலது காது, வெள்ளைக் காது. நுனி போனதும் குட்டி ஒரு தடவை கத்தியது. காதில் சாம்பலை அப்பினாள். பால் மறக்கும் வரை அது செம்பியோடு இருக்க வேண்டும் என்பதால் திரும்பவும் அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அது அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டு வந்தது.

தை பிறந்து பத்தாம் நாள் சாந்தம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகச் சடையன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். பாஞ்சாலை, "நல்லது," என்றாள். போகவில்லை. அவர்கள் கூப்பிடவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து மங்கம்மாளே மூச்சிரைக்க வந்து படலுக்கு வெளியே நின்றாள். "பெரிய கறுப்பாடு காலையிலேருந்து முக்குதுடி. வா, சீக்கிரம் வா."

விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டு கூடவே போனாள். ஆட்டுக் கொட்டாய் வீட்டை ஒட்டி இருந்தது. அவள் வாசலில் நுழைந்ததும் மங்கம்மாள் முன்னால் ஓடி வீட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள். சாத்திவிட்டு அவளைப் பார்க்காமல், "குளிரு காத்து," என்றாள்.

"ஆமாக்கா."

மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். ஒரு முன்னங்கால் மடங்கிக் கிடந்தது. விரலால் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது மண் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பித்தது. பாஞ்சாலையின் கை உள்ளேயே நின்றது. ஓர் அழுகைக்கும் அடுத்த அழுகைக்கும் நடுவில் அது மூச்சை எப்படி இழுக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டாள். கரகரப்பு இல்லை, சளி இல்லை. இழுப்பு அடிவயிறு வரை போய் வந்தது.

"இன்னாடி, செத்துடுச்சா?" என்றாள் பின்னால் நின்ற மங்கம்மாள், பதறி.

"இல்லக்கா," என்றாள் பாஞ்சாலை. "நல்ல மூச்சு."

பிறகு ஆடு முக்கியது. அவளும் சேர்ந்து இழுத்தாள்.