வாங்காத நாலு லட்சம்

அன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எங்கள் தரப்பில் போனது ஏழு பேர்: நான், அம்மா, அண்ணன், மதினி, பத்திரம் எழுதியவர், சாட்சிக்கு இரண்டு பேர். சாட்சிகளில் ஒருவர் அண்ணனின் உரக்கடைக் கூட்டாளி. இன்னொருவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரை நானே வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வந்தால், மாப்பிள்ளைதான் தூண்டிவிடுகிறார் என்று பேச்சாகிவிடும்.

அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில் அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சமபங்கு என்பது எனக்குத் தெரியும். என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் வக்கீலம்மா ஒருவர், அளவெடுக்க நின்றபடியே விளக்கியிருந்தார். ஆனால் எங்கள் பக்கம், நகை போட்டுக் கட்டிக்கொடுத்த பெண் தன் பங்கை விட்டு அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுப்பதுதான் வழக்கம். கொடுத்தால் வீட்டு விசேஷத்துக்கு மாமன் சீர் வரும். கொடுக்காவிட்டால்? என் மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சரி என்றேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் ஏறும்போதே இறங்குகிற இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவள். பையில் ஆதார் இருக்கிறதா என்று அன்று நாலு தடவை பார்த்தேன். கூப்பிடும்வரை சும்மா இருக்க முடியாமல் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அம்மாவும் நானும் ஆளுக்கு நாலு லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறோம் என்று அதில் இருந்தது. பத்திரம் எழுதியவரிடம் மெல்லக் கேட்டேன். வழக்கத்துக்குப் போடுகிற வரிதான் என்றார். அண்ணன் என் காதருகே குனிந்து, "மேடம் கேட்டா வாங்கிட்டேன்னு சொல்லு. அம்புட்டுத்தான்" என்றார்.

தோப்பை விடச் சம்மதித்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயமாக இருந்தது. அதிகாரியிடம் பொய் சொன்னால் கேஸ் வருமா? நாலு லட்சத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால்?

கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். சார்பதிவாளர் மேடம் நிமிர்ந்து, சம்மதம்தானே என்றார். தலையாட்டினேன்.

"பணம் வாங்கிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க மேடம். ஒத்த ரூபா வாங்கலைங்க."

என் வாய்தான் சொன்னது. பயத்தில் உளறுகிறாள் என்று அண்ணன் சிரித்துச் சமாளித்தார். மேடம் அம்மாவைப் பார்த்தார். அம்மா சாப்பிடுவது அண்ணன் வீட்டில். மகனை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்றே நினைத்தேன்.

"நானும் வாங்கலைம்மா. வாங்குனதா எழுதியிருக்குன்னே இப்பத்தான் தெரியுது."

மேடம் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உள்ளதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வெளியே பைக் நிறுத்துகிற இடத்தில் அண்ணன் வெடித்தார். மானத்தை வாங்கிவிட்டாய், நாலு லட்சம்தானே, தருகிறேன், வாங்கித் தொலை என்றார். மதினி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"ஒம் மகளுக்கு மாமன் சீரு யாரு கொண்டாராங்கன்னு பாக்குறேன்."

ஒரு மாதம் எதை நினைத்துச் செத்தேனோ, அது நடுரோட்டில் வந்துவிட்டது. இனி பயப்பட என்ன மிச்சம்?

"வந்தா வாங்கன்னு கூப்புடுவேன் மதினி. வராட்டியும் கல்யாணம் நடக்கும். அண்ணே, எனக்கு நாலு லட்சம் வேணாம். தோப்புல எம் பங்கு வேணும்."

முழுசாகச் சொல்லி முடித்தேன். அம்மா, "எனக்குந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

இரண்டு மாதம் அண்ணன் பேசவில்லை. பிறகு தோப்பின் மேல் கடன் கேட்டு வங்கிக்குப் போயிருக்கிறார். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பாகம் பிரித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவரே என் வீடு தேடி வந்தார். காபி குடித்தார். பிரித்துக்கொள்ளலாம் என்றார்.

ஆளுக்கு ஓர் ஏக்கர். ரோட்டோர ஏக்கரை அண்ணன் எடுத்துக்கொண்டதால் எனக்கு எண்பதாயிரம் தருவதாகப் பேச்சு. அம்மா தனக்குப் பணம் எதுவும் வேண்டாமென்றாள். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதே மேடம், அதே கேள்வி. முப்பதாயிரம் வாங்கிவிட்டேன், மிச்சம் வர வேண்டும் என்றேன். பத்திரத்திலும் அப்படியேதான் இருந்தது. மேடம் லேசாகச் சிரித்தார்.

இப்போது பட்டா என் பெயரில். அறுபத்தெட்டு மரம். முதல் வெட்டுக்கு நானே கீழே நின்று தேங்காயை எண்ணினேன். ஆள் ஏறிய ஒவ்வொரு மரத்துக்கும் விழுந்துவிடுவாரோ என்று பதறிக்கொண்டேதான் எண்ணினேன். மகள் கல்யாணத்துக்கு அண்ணன் மாலையோடு வந்தார். மதினி வரவில்லை.

அண்ணன் எனக்கு இன்னும் தர வேண்டியது ஐம்பதாயிரம் ரூபாய்.