விமலாவின் ரிசல்ட்

சேலையூர்ப் பக்கம் சில தெருக்கள் என் பொறுப்பு. கையெழுத்துப் போடுவேன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் ஹெல்த் வாலண்டியராக நான் போய்க் கூப்பிட்டால் பெண்கள் கேம்புக்கு வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்டுக்கு ஒரு கேம்ப் போட்டோம். தையல் கம்பெனி விமலா வரமாட்டேன் என்றாள்.

“எனக்கு இன்னா நோவு? நல்லாத்தான் கீறேன். வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?”

“நோவு வந்தப்புறம் வர்றதுக்கு நான் எதுக்குடி?” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

கேம்பில் போன் நம்பர் கேட்பார்கள். எங்கள் பெண்கள் வீட்டுக்காரர் நம்பரைத்தான் சொல்வார்கள். தங்கள் போனில் ரீசார்ஜ் இருக்காது, இல்லையென்றால் பிள்ளைகள் கையில் இருக்கும். விமலாவும் ஆட்டோ ஓட்டும் கணவர் சேகரின் நம்பரைக் கொடுத்தாள்.

ரிசல்ட்டில் சந்தேகம். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே வரச்சொல்லி நர்ஸம்மா போன் செய்தார். “நானே இட்டுக்கினு போறேம்மா” என்றாராம் சேகர். தகவல் சொல்லியாச்சு என்று நர்ஸம்மா என்னிடம் சொன்னார். அதோடு எங்கள் வேலை முடிந்தது.

பல மாதம் கழித்து தாம்பரம் மார்க்கெட்டில் விமலாவைப் பார்த்தேன். மகள் கல்யாணம் முடிந்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க?”

“எந்த ஆஸ்பத்திரி? ஒண்ணும் இல்லேன்னு ரிசல்ட் வந்துச்சாமே. அவருதான் சொன்னாரு. ரத்தம் போறதுகூட வயசுக் கோளாறுன்னு இருந்துட்டேன்க்கா.”

காய்க்கடை ஓரத்திலேயே உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை.

“அவருக்குத் தெரியும். நர்ஸுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உடம்பு மட்டும் என்னுது” என்றாள்.

சேகர் என்னிடம் சண்டைக்கு வந்தார். கத்தி ஓய்ந்த பிறகு அழுதார். “கல்யாணம் நின்னுடும்னு பயந்துட்டேன்க்கா. முடிஞ்சதும் இட்டுக்கினு போலாம்னுதான் இருந்தேன்.”

மறுநாளே கூட்டிப் போனோம். ரேடியேஷன் கொடுத்தார்கள், எங்கள் பேச்சில் கரண்ட் வைப்பது. நோய் முற்றிப் போயிருந்தது. அவள் தேறவில்லை.

சாவு வீட்டில் சேகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “இன்னா நோவுன்னு யாருக்கும் சொல்லாதக்கா. பொண்ணோட மாமியார் வூட்ல தப்பாப் பேசுவாங்க.”

உள்ளே போய் மகளைத் தனியாக உட்காரவைத்து, அம்மாவுக்கு வந்தது இன்ன நோய், முப்பது வயதானால் நீயும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொன்னேன்.

“அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களே, யார் உடம்போ அவர் காதில் சொல்லுங்கள். வீட்டில் சொல்லிவிட்டோம் என்று திரும்பி வராதீர்கள். சொன்னதற்காக ஒரு வீடு உங்களை வெறுக்கும்.

“தெரியும்மா” என்றேன். அந்தப் பெண் எழுந்து அப்பா நின்ற பக்கம் பார்க்காமல் அம்மா கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.