பாலறுகு வைத்த கை

என் தம்பி குடியை விட்டது கோயிலில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு பாரிசுக்கு வந்தவன் அவன். வந்த நாளிலிருந்து குடி. சொந்தக்காரர் கூடி லா சப்பல் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள். அவனும் ஒரே அடியாக நிறுத்தினான். மறுநாள் எங்கள் குசினித் தரையில் வலிப்பு வந்து விழுந்தான். குடித்துப் பழகிய உடம்பில் அப்படித் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருந்து ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த தாதி பாண்டிச்சேரிக்காரி.

"உட்காருங்க சார். நேத்து குடிச்சீங்களா?"

"இல்லை, இல்லை," என்று நான் முந்திக்கொண்டேன். கேஸ் அடுப்பை அடைத்தேனா என்று மெத்ரோ வாசலில் இருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். பயத்தில் வாய் சும்மா இராது.

"அக்கா, அவர் சொல்லட்டும்."

"ஓம். ஆஸ்பத்திரியாலை வந்து திரும்பவும் குடிச்சனான்," என்றான் தம்பி.

"சரி. உண்மையச் சொன்னாத்தான் எனக்கு மருந்து குடுக்க வசதி."

அவ்வளவுதான். ஏச்சு இல்லை, புத்திமதி இல்லை. நாடி பார்த்து முடிந்த பிறகும் அவன் கையை அவள் விடவில்லை. அந்தக் குடி மணத்துக்கு நாங்கள் எல்லாரும் எட்டத்தான் நின்றோம்.

விழுந்தும் எழும்பியும் கடைசியில் குடி நின்றது. கை நடுக்கம் மட்டும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மகள் பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்கில் தாய்மாமன்தான் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்கவேண்டும். என் கணவரின் தமக்கை வந்து குந்தினா.

"சபைக்கு முன்னாலை உந்தக் குடிகாரனையோ நிப்பாட்டப் போறாய்? என்ரை மனுசனை விடு. அவரும் மாமாதானே."

"மச்சாள், உங்கடை மனுசன் போத்தில் முடிய முன்னம் மேசையை விட்டு எழும்பி நான் ஒருநாளும் காணேல்லை."

பயந்தவள்தான் நான். ஆனால் சொல்லிவிட்டேன்.

தாதியிடம் ஓடினேன். "தம்பி சபையிலை நிக்கலாமோ? மேசைக்கு மேசை விஸ்கிப் போத்தில் வைக்கிறது எங்கடை வழக்கம்."

"என்னைக் கேக்கறீங்களே அக்கா, அவரைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"போத்தில் இல்லையெண்டா வாறன், அக்கா. இருந்தா என்னாலை ஏலாது."

போத்தில் இல்லை என்று நான் அன்றைக்கே எல்லாருக்கும் சொன்னேன். சனம் என்ன சொல்லும் என்று கணவர் கேட்டார். சொல்லட்டும் என்றேன். மச்சாள் வரவே மாட்டேன் என்றா. பிறகு எல்லாருக்கும் முதல் வந்து முன்வரிசையில் இருந்தா. பாரிசுக்கு வெளியே திரான்சி மண்டபத்தில் மேசைகளில் நெக்டோ சோடாவும் தண்ணீரும் வைத்தோம். சில ஆம்பிளைகள் வெளியே கார்களுக்குள் போய்க் குடித்தார்கள். குளிரில் இருந்து குடிக்கட்டும்.

தம்பி பால் கிண்ணத்தை எடுத்தான். கை நடுங்கியது. பால் மகளின் காதுவழியாக வழிந்து சேலையில் சொட்டியது.

"மாமா, ஸே ஃப்ருவா!" என்று சிரித்தாள் அவள். குளிர்கிறதாம்.

"கொஞ்சம் பொறு பிள்ளை, இன்னும் இருக்கு," என்று அவனும் சிரித்தான். தலைக்குப் பாலும் அறுகும் வைத்து முடித்தான்.

சடங்கு முடிய வீடியோக்காரர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, மாமாவின்ரை கை நடுங்கிற இடம் கிட்டவாத் தெரியுது. வெட்டி விடவோ?"

"ஒண்டும் வெட்டாதேங்கோ," என்றேன். "கிட்டவாவே இருக்கட்டும்."